கடலுக்குள் ஓடிய பஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த அப்டேட்டைக் கொடுத்தது நான்தான். இத்தனை வருஷமாக அண்ணனிடம் இதை ஒத்துக்கொண்டதில்லை. “தானா ஏறியிருக்கும்” என்றே சாதித்துவிட்டேன். இப்போது எழுதியாயிற்று, படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வீடு அக்காள்மடத்தில், தனுஷ்கோடிப் பக்கம் போகிற மெயின் ரோட்டை ஒட்டி. அண்ணன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுப்போனான். அவன் வாங்கும்போதே அது யாரோ போதுமான அளவு உபயோகித்துத் தள்ளிவிட்டதுதான். சூடு தாங்காமல் பாதியில் அணைந்துபோகும் என்பதால், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்போம். அம்மா வியர்த்து வழிய உட்கார்ந்து கீரை ஆய்வாள், காற்று கம்ப்யூட்டருக்கு. அதில் பஸ் ஓட்டும் கேம் ஒன்று இருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பார்ப்பதுபோல ரோடு தெரியும், ஸ்டாப்பில் ஆள் ஏறும், இறங்கும். ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன் ஒரே ஒரு கட்டளைதான் போட்டான்: “அப்டேட் கேக்கும். நோ குடு. இந்தக் கிழட்டு மெசினுக்கு அதெல்லாம் தாங்காது.”

அந்த கேமை என்னைவிட அதிகம் விளையாடியது என் மாமா, அம்மாவின் தம்பி. விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “பிராக்டிஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாத” என்பார்.

தனுஷ்கோடிக்குத் தார் ரோடு போடுவதற்கு முந்தைய காலம் அது. முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் மணலும் கடல் தண்ணீரும்தான். சுற்றுலா வருகிறவர்களை வேனில் ஏற்றி அதன் வழியே கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டுவருவது மாமாவின் வேலை. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் மணலில் ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்திருக்க மாட்டார்கள். முன் சக்கரம் புதையாமல் இருக்க இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே போவார்கள். பத்து வருஷம் ஆட்டிய கை தார் ரோட்டுக்கு வந்ததும் அடங்கிவிடுமா? ஹெவி லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனவர், நேர் ரோட்டில் பஸ்ஸைப் பாம்பு மாதிரி நெளிய விட்டார். டெஸ்ட் எடுக்க ஏறிய அதிகாரி பாதி வழியில் இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விட்டாராம்.

இதில் ஒரு கல்யாணமும் மாட்டிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. “மணலுக்குள்ள வண்டி ஓட்டுறதெல்லாம் ஒரு வேலையா?” என்று ஏற்கெனவே இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. மூன்றாவதாகப் பரமக்குடியில் ஓர் இடம், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பெண்ணின் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஸ்டேஷன் பக்கம் டீக்கடை. பெண் பார்க்கப் போன அன்று மாமா, காப்பி குடித்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தாராம். மாப்பிள்ளை செய்கிற காரியமா அது என்று அம்மா பஸ்ஸிலேயே திட்ட ஆரம்பித்து வீடு வரை திட்டிக்கொண்டு வந்தாள். மாமா காதில் எதுவும் விழவில்லை. வந்ததும் வராததுமாக வேனை இரண்டு தடவை கழுவினார். “அக்கா, இந்த இடம் தப்புச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்” என்றார். அம்மா பயந்துபோய், தம்பி ராமநாதபுரத்தில் பஸ் கம்பெனியில் சேரப்போகிறான், லைசென்ஸ் கைக்கு வரவேண்டியதுதான் பாக்கி என்று பரமக்குடிக்குச் சொல்லியனுப்பினாள். பெண்ணின் அய்யா, “மொதல்ல ரோட்டுல ஓட்ட வருமான்னு பாத்துக்கிருவோம்” என்று பதில் சொல்லியனுப்பியிருந்தார்.

அதனால்தான் பிராக்டிஸ். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீபோர்டை மடியில் வைத்து, வளைவு வந்தால் உடம்போடு சேர்ந்து சாய்வார். விரல் இடது அம்பையும் வலது அம்பையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கும். பஸ் நடைபாதையில் ஏறும், கம்பத்தில் இடிக்கும், பெட்டிக்கடைக்குள் புகுந்து மறுபக்கம் வரும். மூலையில் மதிப்பெண் குறைந்துகொண்டே போய் மைனஸில் நிற்கும். “ஏலே, சனத்த ஏத்திக்கிட்டு எங்கடா போற?” என்று அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் அப்டேட் கொடுத்ததற்குக் காரணம் ஹாரன். புதிதாக வந்ததில் பாட்டுப் பாடுகிற ஹாரன் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லித் தொலைத்தாள். அப்பா ஐஸ் கம்பெனிக்கும் அம்மா சந்தைக்கும் போன நேரமாகப் பார்த்து, நெட் குச்சியைச் செருகி ‘யெஸ்’ கொடுத்தேன். நத்தை மாதிரி இரண்டு மத்தியானம் ஏறியது. மூன்றாம் நாள் ஆசையாகத் திறந்தேன். ஆத்தாடி!

ரோட்டைக் காணோம். ரோடு இருந்த இடமெல்லாம் நீலத் தண்ணீர். மரங்கள் வேரோடு அந்தரத்தில் நின்றன. ஊர்ப் பலகைகளெல்லாம் ரோஸ் கலரில் வெறும் அட்டை. ஸ்டாப்பில் நின்றவர்களுக்குச் சேலை இருந்தது, சட்டை இருந்தது, முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் மிதந்தன. அதுகளாகவே படியேறி வந்து சீட்டில் உட்கார்ந்தன. ஹாரன் மட்டும் பிரமாதமாகப் பாடியது. சந்தையிலிருந்து வந்த அம்மா திரையைப் பார்த்து, “என்னத்தடி கெளப்பி விட்ட?” என்று அலறி, சாமி படத்துக்கு முன்னாலிருந்து திருநீறு எடுத்துவந்து பெட்டியின் தலையில் பூசினாள். அண்ணன் கொல்லப்போகிறான் என்பது ஒரு பக்கம். மாமாவின் பிராக்டிஸையும், அதோடு கல்யாணத்தையும் நானே கெடுத்துவிட்டேன் என்பது இன்னொரு பக்கம். மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் மாமா வந்தார். திரையைப் பார்த்தார். குனிந்து கிட்டே பார்த்தார்.

“ஏத்தா, இது எப்ப வந்துச்சு?”

“இன்னிக்குத்தான் மாமா.”

“அட! நம்ம தனுஷ்கோடியவே போட்டுட்டாங்கல்ல!”

இதை நான் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். அழுகை சட்டென்று நின்றது. ஆனாலும் மனசு கேட்காமல், “அவங்களுக்கு மூஞ்சி இல்லையே மாமா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“காத்துல மணல் அடிக்கும்ல? துணிய வச்சு மூடியிருப்பாங்க. இங்கன வாரவங்கல்லாம் அப்படித்தான உக்காந்திருக்காங்க.”

“அப்ப பல்லு?”

“சந்தோசமா வாராங்க.”

நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மாமா ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். இடிக்கிறதுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. மதிப்பெண் காட்டுகிற இடமும் கறுப்புக் கட்டங்களாகிவிட்டதால் மைனஸும் இல்லை. அவர் கை வழக்கம்போல் ஆடியது, பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அழகாக அசைந்து போனது. அவ்வப்போது கீழே எதிலோ ‘டொம்’ என்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது. “மணல் மேடு” என்பார். மறுநாள் அவரோடு வேன் ஓட்டும் மூன்று பேர் வந்து, சுவரோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இத்தனை ஆழம் இருக்குமா என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பௌர்ணமியில் கடல் ஏறி வரும் வெள்ளத்துக்கு இருக்கும் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கே பெருமை தாங்கவில்லை. நம்ம ஊர் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காற்று அதிகம் என்று வேன்களை ஓட்டவில்லை. மாமா எங்கள் வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கினது பரமக்குடிக்காரர்கள்! பெண்ணின் அய்யாவும், அவர் பின்னால் பெண்ணும். இருவருக்கும் தலை ஈரம், துணி ஈரம். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, “அப்படியே வீட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தோம்” என்றார் அய்யா. சொல்லிக்கொள்ளாமல் வந்து பார்த்தால்தான் உள்ளது தெரியும் என்று நினைத்திருப்பார். அம்மா கைகால் ஓடாமல் பாயைத் தேடினாள். மாமா மடித்துக் கட்டிய கைலியோடு எழுந்தவர், கீபோர்டைக் கீழே வைக்கவும் மறந்துபோய் நின்றார்.

அய்யா சுற்றி வளைக்கவில்லை. “தம்பி ஓட்டுறதப் பாக்கணும்னு ஆசை. வேன் இன்னிக்கு ஓடலைங்கிறாங்க” என்றார். அம்மா உடனே, “அதனால என்னங்க? இங்கனயே பாருங்க” என்று ஃபேனைச் சரிசெய்து திரையைக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மாமா உட்கார்ந்தார். பஸ் தண்ணீருக்குள் இறங்கியது. அய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெண், மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணும் பல்லும் படியேறியபோது அவள் சேலைத் தலைப்பால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

“ரோடே தெரியலையே தம்பி?” என்றார் அய்யா.

“எங்களுக்கு என்னைக்குமே தெரியாதுங்க” என்றார் மாமா. பேச்சு மணலுக்குத் திரும்பியதும் அவருக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. “தண்ணி வெளுப்பா இருந்தா அடியில கெட்டி மணல், அதுல போகலாம். கறுத்துத் தெரிஞ்சா சதுப்பு, இழுத்துரும். போகையில இடிஞ்ச சர்ச்சு, வருகையில டி.வி. டவரு, அதுலருந்து கண்ண எடுக்கக்கூடாது. தண்ணிக்குள்ள வண்டிய நிப்பாட்டக்கூடாது. உள்ள இருக்கிற சனம் பயந்துபோய்க் கத்தும், அவங்களுக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டே வரணும். பத்து வருசத்துல ஒருத்தரக்கூட நான் கால நனைக்க விட்டதில்லங்க.”

கீழே ‘டொம்’ என்றது. அய்யா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். “ஏம்மா, நீதான் நாள் பூரா கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிற. இது சரியாத்தான் ஓடுதா?”

கம்ப்யூட்டர் சென்டரா? இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே! தொலைந்தது, எல்லாம் என்னால்தான் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பெண் திரையைப் பார்த்தாள். தகடு கழன்ற பெட்டியைப் பார்த்தாள், அதன் தலையிலிருந்த திருநீற்றைப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் மாமாவின் பின்னந்தலையைப் பார்த்தபடி, “சரியாத்தான் இருக்குங்கய்யா. புதுசா வந்தது. இந்த ஊருக்கு இப்படித்தான் தெரியும்” என்றாள்.

அய்யா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். “அப்பச் சரி. தண்ணிக்குள்ளயே இந்த ஓட்டு ஓட்டுறவரு ரோட்டுல ஓட்டிற மாட்டாரா?” என்று அம்மாவிடம் காப்பி கேட்டார். அம்மா அழுதுகொண்டே காப்பி போட்டாள். அந்த ஆவணியிலேயே கல்யாணம் முடிந்தது. பந்தியில் நான் யாரையும் கேட்காமல் மூன்று லட்டு எடுத்துக்கொண்டேன். என்னால் நடந்த கல்யாணம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கல்யாணமாகி ஒரு மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு அத்தையாகிவிட்ட அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். நான் ஏற்றியதை இறக்கிவிட்டுப் பழையதைப் போட்டாள். மொத்தமே பத்து நிமிஷம். தண்ணீர் வடிந்து ரோடு கறுப்பாக, நடுவில் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றது. எல்லோருக்கும் முகம் வந்துவிட்டது. “தனுஷ்கோடிய ஏன் எடுத்த?” என்று மாமா சண்டைக்கு வந்தார். ஓட்டச் சொன்னாள். முதல் வளைவிலேயே பஸ் பெட்டிக்கடைக்குள் போய்விட்டது. அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் விரல் ஆடும்போதெல்லாம் புறங்கையில் ஒரு தட்டு. அப்படித் தட்டித் தட்டித்தான் மாமா லைசென்ஸ் வாங்கினார். இன்று ராமநாதபுரம் பஸ்ஸில் நீங்கள் ஆடாமல் அசையாமல் வந்து இறங்கினால், அதற்கு அத்தைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போனதும், நான் மெதுவாக அத்தையிடம் ஒட்டிக்கொண்டு கேட்டேன்: “இது கோளாறுன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாத்தை?”

“பாத்ததும் தெரியும்.”

“அப்பயே சரி பண்ணியிருக்கலாம்ல? மாமா நல்லா ரோட்டப் பாத்து ஓட்டியிருப்பாருல்ல?”

அத்தை சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னாள்: “ரோடு தெரிஞ்சிருந்தா எங்கய்யாவுக்கும்ல தெரிஞ்சிருக்கும்!”

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். ரோடு தெரிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே, அவருக்குத் தெரிந்தால் மட்டும் என்னவாம் என்று அன்று முழுக்க யோசித்தும் எனக்கு விளங்கவே இல்லை.