படிக்காமல் அனுப்பிய வசனம்

எங்கள் ஜீவனஹள்ளி சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு வேதவசனம் அனுப்புவது நான்தான். பக்திமான் என்று எனக்குப் பெயர். உண்மையில், வேறொரு குழுவில் வருவதைப் படிக்காமலேயே அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது, எங்கள் சபை ஸ்டெல்லா அக்கா அழைத்தார்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரை ஹார்ட் ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. காலைல நீ அனுப்புன வசனத்தைச் சொல்லி ஜெபம் பண்ணுப்பா. அதைத்தான் நம்பி நிக்கிறேன்.”

என்ன வசனம் என்றே எனக்குத் தெரியாது. பொதுவாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அக்காவின் குரல் நடுங்கியதைக் கேட்டபின் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“மன்னிச்சிடுங்க அக்கா. நான் அதைப் படிக்கவே இல்ல. ரொம்ப மாசமா படிக்காமதான் அனுப்புறேன்.”

“சரி, நான் வாசிக்கிறேன். நீ கேளு” என்றார்.

அழுகையோடு மெதுவாக வாசித்தார். நான் திக்கித் திணறி ஜெபித்தேன். வழக்கமான அலங்கார வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

அவர் கணவர் பிழைத்துக்கொண்டார். நான் படிக்காமல் அனுப்பியதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வாசிக்காத நாளில் எதுவும் அனுப்புவதில்லை. “பிரதர், இன்னிக்கு வசனம் வரலையே?” என்று கேட்டால், “இன்னும் வாசிக்கல” என்று எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்பின் வேதத்தைத் திறக்கும்போது, யாருக்கும் காட்டுவதற்காக வாசிக்கவில்லை என்பது நிம்மதியாக இருக்கிறது.