கதவு பார்க்கும் திசை

நாசரேத்துக்காரி ஜெபசெல்விக்கு வேலை தூத்துக்குடியில். அரசுத் திட்டங்கள் ஊருக்குள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சென்னையில் உள்ள ஒரு ஆய்வு நிறுவனம் கேள்விகளை டேப்லெட்டில் ஏற்றி அனுப்பும். இவள் கடலோர மீனவ ஊர்களுக்கு, கரை கரையாகப் போய்ப் பதிலைப் பதிவு செய்வாள். அந்தப் பதில்கள் மார்க்காக மாறும். எந்தக் கரைக்கு அடுத்த நிதி என்பதை அந்த மார்க்குதான் முடிவு செய்யும்.

கீழவைப்பாருக்குத் தெற்கே அந்தோணியார்கரை என்று ஒரு சின்ன ஊர். அங்கே மீன் விற்கும் பெண்களுக்காகப் புதுக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். கட்டடம் உண்டா, தண்ணீர் உண்டா, தாழ்ப்பாள் உண்டா என்று டேப்லெட் கேட்டது. எல்லாம் உண்டு.

"நல்லாத்தான் கட்டிருக்காவ டீச்சர்" என்றாள் மீன் விற்கும் விக்டோரியா. டேப்லெட்டோடு வருகிற எவளும் அவளுக்கு டீச்சர்தான். கூடையை இறக்கி வைத்து ஏலக்கூடத்தைக் கை காட்டினாள். "கதவு எங்கன பாத்து இருக்குன்னு பாருங்க. ஏலம் எடுக்குத ஆம்பளைய பூரா எதுத்தாப்ல நிக்காங்க. அவ்வளவு பேரு முன்னால எவ உள்ள போவா?"

"அப்போ என்னக்கா செய்யீங்க?"

"உடங்காட்டு முள்ளுப் புதருக்குள்ள போவோம். இல்லன்னா காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டோம்."

பெண்கள் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வி டேப்லெட்டில் எங்குமே இல்லை. ஜெபசெல்வி எல்லாவற்றையும் குறிப்புப் பெட்டியில் எழுதினாள். மறுநாள் சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் பெவின் கூப்பிட்டான். "அக்கா, குறிப்புக்கெல்லாம் மார்க் கிடையாதுக்கா. அத எக்செல்ல எங்க ஏத்த?"

மாவட்டத்திலேயே அந்தோணியார்கரைதான் முதலிடம். பாராட்டு பேனர் கட்டினார்கள். குறைகளைச் சரிசெய்யும் இரண்டாம் கட்ட நிதி வந்தபோது, குறையே இல்லாத ஊர் என்று அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை விக்டோரியா போன் செய்தாள். டீச்சர் என்ற மரியாதை போயிருந்தது. "ஏளா, நீ என்னத்த எழுதிக் குடுத்த?"

ஜெபசெல்வி ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பஸ் ஏறி அந்தோணியார்கரைக்குப் போனாள். பெண்களை உட்காரவைத்து, "நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க?" என்றாள். ஆளுக்கொன்று பேசி, சிரித்து, சண்டை போட்டு, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: பட்டப்பகலில் ஒரு பொம்பளை இதுக்குள்ள போவாளா?

திட்டத்தை நடத்தும் துறை அதிகாரி பாண்டியராஜனிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. "ஒரு கரைய வச்சு மாநிலத்துக்கே கேள்விய மாத்த முடியாதும்மா."

சரி என்று பல கரைகளுக்கு அலைந்தாள். விடுமுறை நாளெல்லாம் அதிலேயே போயிற்று. 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்று வீட்டில் கேட்டார்கள், நிறுவனத்திலும் கேட்டார்கள். போன இடமெல்லாம் அதே கதைதான். இந்த முறை பாண்டியராஜன் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். அடுத்த சுற்றில் அந்தக் கேள்வி சேர்ந்தது. கடற்கரை முழுக்க மார்க் சரிந்தது. அரசு கட்டட வரைபடத்தையே மாற்றியது: கதவு ஏலக்கூடத்துக்கு மறுபக்கம், முன்னால் மறைப்புச் சுவர். மற்றக் கரைகளில் அப்படியே மாற்றிக் கட்டினார்கள்.

அந்தோணியார்கரைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அங்கே பணி முடிந்துவிட்டதாம். ஐந்து வருஷத்துக்கு மறுமதிப்பீடு கிடையாதாம்.

"கேள்வியச் சொல்லித் தந்ததே அந்தப் பொம்பளைங்கதான் சார்!" என்றாள் பாண்டியராஜனிடம்.

"தெரியும்மா. ரூல் அப்படி."

விக்டோரியா அப்போது சிறுநீரகத்தில் கல்லென்று பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஜெபசெல்வி போய் விஷயத்தைச் சொன்னாள்.

"மத்த ஊருப் பிள்ளைய நல்லா இருக்கட்டும்" என்றாள் விக்டோரியா. பிறகு, "டாக்டரு தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுதாரு. கரைக்குப் போனா எப்படிக் குடிக்க?"

ஜெபசெல்வி தலைமாட்டில் இருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அதன்பிறகு மூன்று மனு போட்டாள். மூன்றும் இந்த அலுவலகத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

போன மாதம் வேறொரு கரையில், புதிதாகக் கட்டிய கழிப்பறை முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒரு இளம்பெண் சிரித்துவிட்டாள். "போவாம என்ன? இதெல்லாமா கேக்காங்க?"

ஆம் என்ற இடத்தில் ஜெபசெல்வி விரலை வைத்து அழுத்தினாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். அந்தோணியார்கரைக் கதவை நினைத்ததும் கோபம்தான் வந்தது.