சித்தியின் இமைகள்

நேற்று பக்கத்து வீட்டில் வேப்ப மரத்தின் கிளைகளைக் கழித்தார்கள். அந்தப் பச்சை வாடை வந்ததும் நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

தொண்ணூறுகளில், சீவலப்பேரியில், அம்மாவின் தங்கை செல்விச் சித்திக்குக் கண்கள் பிதுங்கத் தொடங்கின. மேல் இமைகள் ஏறிப்போய், கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தது. தூங்கும்போதும் கண் மூடாது. கை நடுங்கும். அது தைராய்டு என்று எங்களுக்குத் தெரியாது. தாத்தா பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்தார்.

கோடாங்கி சித்தியின் முடியைச் சுருட்டிப் பிடித்து, வேப்பங்குழையால் முகத்தில் அடித்தார்.

"கண்ண மூடுட்டி! நீ மூடுனாத்தான் அது போயிட்டுன்னு அர்த்தம்."

"மூடத்தான் பாக்கேன் சாமி. இமை எறங்க மாட்டேங்கு."

"என்னையே முறைக்கியா? யாருட்டி நீ?"

"செல்விதான் சாமி!"

"இன்னும் போடும் வே," என்றார் தாத்தா.

இலையெல்லாம் உதிர்ந்து குழை வெறும் குச்சியானது. அது திறந்த கண்ணிலேயே பட்டது. சித்தி அலறினாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா அவள் மேல் விழுந்து, இரண்டு இமைகளையும் விரலால் இழுத்து அழுத்திக்கொண்டாள். அடுத்த அடி அம்மாவின் புறங்கையைக் கிழித்தது.

"மூடிட்டா! எல்லாரும் பாத்துக்கிடுங்க, மூடிட்டா!"

கோடாங்கி தெரு தாண்டும்வரை அம்மா கையை எடுக்கவில்லை. மறுநாள் பாளையங்கோட்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

மருந்தில் நடுக்கம் நின்றது. இமைகள் இன்றும் முழுதாக இறங்குவதில்லை. கோயிலில் எல்லோரும் கண்மூடி நிற்கும்போது சித்தி மட்டும் சாமியை நேருக்கு நேர் பார்த்துக் கும்பிடுகிறாள்.