துருப்பிடிக்காத குழாய்

எங்கள் ஊரில் துருப்பிடிக்காத சாமான் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஊட்டிப் பக்கம், மஞ்சூருக்கு மேலே நாலு கிலோமீட்டரில் வீடு. வருடத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ஜன்னல் கொக்கி, பால் தூக்கின் கைப்பிடி, என் ஜாமெட்ரி பாக்ஸ், அம்மாவின் ஊக்கு, எல்லாம் துருதான். பள்ளிக்கூடச் சட்டையில் ஊக்குக் குத்திய இடத்தில் ஒரு காவிப் பொட்டு விழும். எந்த சோப்புக்கும் போகாது. அப்பா துருவைப் பற்றிப் பேசினால் ஏதோ பங்காளியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தப் பகையில்தான் என் தாய்மாமா செத்தார் என்று ஊர் சொன்னது. அது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதற்கு என்ன வயது என்று கேட்டால் சொல்ல முடியாது. இஞ்சின் ஒரு காலம், கதவு ஒரு காலம், மேலே போட்ட தார்ப்பாய் போன தீபாவளிக்கு வாங்கியது. பஸ் போகாத தோட்டத்துப் பாதைகளில் அதுதான் போகும். கேரட் மூட்டை, கோழித் தீவனம், பிரசவ வலி எடுத்தவள், குடித்துவிட்டு விழுந்தவன் எல்லோரும் அதில்தான். ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது, அழகுக்கு. வண்டி நின்றதும் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்தப் பக்கத்தில் அப்பாவைப் போல வண்டி இறக்க ஆளில்லை என்பார்கள். இதைச் சொல்லாதவர்களிடம் அப்பாவே சொல்லிவிடுவார். "மலையில எறங்கறது கால்ல இல்ல, கியர்ல" என்பது அவருடைய வேதம். இரண்டாம் கியரில் போட்டு, இஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள, கால் சும்மா இருக்கும். பிரேக் மிதிக்கிறவனைக் கண்டால் அவருக்கு இளப்பம். வளைவில் பிரேக் விளக்கு எரிய எரிய ஒரு டூரிஸ்ட் கார் போனால், "பாரு, தீபாராதனை காட்டிட்டுப் போறான்" என்பார். கடைசியில் நிறுத்தும்போது மட்டும் இரண்டு தடவை மிதிப்பார். பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஒரு மிதியில் பிடிக்கிறதா, இரண்டு மிதியில் பிடிக்கிறதா என்று யாரும் கவனிப்பதில்லை.

ஒரு ஐப்பசி மழையில் வண்டிக்குக் கீழே எண்ணெய் சொட்டியிருந்தது. அப்பா படுத்துப் பார்த்தார். பிரேக் எண்ணெய் போகும் சன்னக் குழாய், சட்டத்தை ஒட்டியே பின்னால் வரைக்கும் ஓடுவது, துருவில் அரித்துப் போயிருந்தது. விரலால் தொட்டதும் அப்பளம் போலப் பொடிந்தது. அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் நாலும் போச்சு.

மஞ்சூர் பஜாரில் ஒரு பட்டறை. சனிக்கிழமை என்பதால் நானும் போனேன். பட்டறைக்காரர் பீடியை அணைத்துவிட்டு வந்து, மூன்று வழி இருக்கிறது என்றார். ஒன்று, மேட்டுப்பாளையத்தில் உடைக்க வந்த ஜீப்பிலிருந்து கழற்றிய குழாய், அவரிடமே கிடந்தது. "செத்த வண்டியோட நரம்பு என் வண்டிக்கு ஆவாதுங்க" என்று அப்பா அதைக் கையால்கூடத் தொடவில்லை. இரண்டாவது, கோயம்புத்தூரில் சொல்லிப் புது ஸ்டீல் குழாய், கசியாமல் பொருந்த இரண்டு முனையும் அங்கேயே மெஷினில் விரித்து வரும். வர ஒரு வாரமாகும். மூன்றாவதை அவர் சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார். ஊட்டியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனிடம் காப்பர் குழாய் கிடைக்கும். கையாலேயே வளைக்கலாம், அன்றைக்கே மாட்டலாம்.

அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"காப்பரு துருப்புடிக்காதுங்களே."

"துருப்புடிக்காதுங்க. ஆனா ஆட்டம் தாங்காது. ஆடி ஆடி வெறைச்சுப் போயி ஒரு நாளைக்குக் கீறல் உட்டுரும். ஸ்டீலே போட்டுக்குங்க, ஒரு வாரம் பொறுத்துக்குங்க."

"ஸ்டீலு ரெண்டு மழைக்குத் தாங்குமுங்களா? எங்கூட்டுப் பக்கம் ஆணி அடிச்சா மறுவாரம் ஆணியக் காணோம். செம்பு பாருங்க, கோயில் கலசம் எத்தனை வருசமா மழைல நிக்குது. துருப்புடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"கலசம் ரோட்டுல ஓடறதில்லீங்களே" என்றார் பட்டறைக்காரர்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. பலர் முன்னால் சிரிப்பு வாங்கிய மனிதன் அதற்குப் பிறகு சரியானதைத் தேர்ந்தெடுப்பான் என்று எதிர்பார்ப்பது தப்பு. "பிரேக்க நம்பி ஓட்டறவனுக்குத்தானுங்க அதெல்லாம். நான் கியர்ல வர்றவன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊட்டி பஸ்ஸில் ஏறினார்.

வீட்டில் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏனுங்க, அவரு தொழில் தெரிஞ்சவரு. அவரு சொன்னாக் கேட்டா என்னங்க?" அப்பா குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ குழாய் ரொம்பப் பிடித்திருந்தது. ஊட்டியிலிருந்து வரும் வழியெல்லாம் அந்தச் சுருளை வளையல் மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். "இதுதான்ப்பா அழகா இருக்கு" என்றேன். அப்பாவுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அதுதான்.

பட்டறைக்காரர் மாட்டித் தர மறுத்துவிட்டார். அப்பாவே ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்து மாட்டினார். கடைசியாகக் காற்று எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று நின்றுவிட்டால் மிதிக்கிற பலம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்தைப் போய்ச் சேராது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்து அப்படியே அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திறப்பார். எண்ணெயோடு குமிழி குமிழியாகக் காற்று வரும். அவர் மூடுகிறவரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே வரும்.

மேலே உட்கார்ந்தவள் நான்தான். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கட்டை விரலால் மிதித்தேன். கீழேயிருந்து குரல் மட்டும் வரும். "மிதி... மிதி... புடி." அப்புறம், "உடு." மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. நாலாவதில் எனக்குத் தொடை நடுங்கியது, பாதம் மரத்துவிட்டது. "புடி" என்றார். பிடித்தேன். அவர் ஏதோ ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ரொம்ப நேரமானது. என் கால் வழுக்கி மேலே வந்துவிட்டது. உடனே மிதித்துவிட்டேன். ஒரு நொடிகூட இருக்காது.

"புடிச்சிருக்கியா அம்மிணி?"

"புடிச்சிருக்கேம்ப்பா!"

அதற்குப் பிறகு பெடல் முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போனது, நனைந்த பஞ்சை மிதிப்பது போல. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார், கால் வலிக்கும். சொல்லவில்லை. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது, தோட்டத்திலிருந்து மூட்டை ஏற்ற ஆளும் வந்துவிட்டான். அப்பா ஏறி உட்கார்ந்து வழக்கம்போல இரண்டு தடவை மிதித்தார், இரண்டாவதில் கெட்டியாகியிருக்க வேண்டும், போய்விட்டார்.

மூன்று வாரம் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஆகாதே, அவர்தான் கியரில் வருகிறவராயிற்றே. போகிற வழியில் பட்டறை முன்னால் வேண்டுமென்றே நிறுத்தி, நலம் விசாரித்துவிட்டுப் போவார்.

நாலாவது வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. காரமடையில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவருவார், எங்கள் மலையில் அது விளையாது என்று. குளிரில் என் கன்னம் சிவந்து கிடப்பதால் என்னைக் கேரட்டு என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தடவை பெண் பார்க்கப் போவதற்கு அம்மாவை அழைக்க வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு சீப்பு, அதன் பின்னால் ஒரு பெண்ணின் போட்டோ. எனக்கு மட்டும் காட்டினார், அம்மாவுக்கு முன்னாலேயே.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா காய்ச்சலில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அரிசி பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் வாங்க மஞ்சூருக்குத்தான் இறங்க வேண்டும். குடோனை ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அம்மா அப்பாவை எழுப்பப் போனாள்.

"காய்ச்சக்காரரை எதுக்குக்கா எழுப்பற? கூப்புடு தூரம். நான் வண்டி ஓட்டாத ஆளா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தாள். "கேரட்டு, வர்றியா?" என்று மாமா என்னைக் கேட்டார். எனக்கு அன்று தலை குளித்த நாள். ஈரத் தலையோடு பனியில் போனால் சளி பிடிக்கும் என்று அம்மா விடவில்லை. சக்கரத்துக்குக் கீழே இருந்த கல்லை நான்தான் எடுத்தேன். காலி சிலிண்டர் பின்னால் கடகடவென்று உருள, மாமா கை காட்டிக்கொண்டே போனார்.

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பிற்பாடு சொன்னார்கள். ஜீப் வருவதற்கு முன்னால் ஹாரன் சத்தம் வந்ததாம். விட்டு விட்டு இல்லை, கையை எடுக்காமல் ஒரே சத்தம். பாதையில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நாலாவது வளைவில் வண்டி திரும்பவில்லை. தேயிலைக்குள் இறங்கி, இரண்டு தடவை உருண்டு, கீழ்ப் பாதையில் போய்க் கிடந்தது. ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஐயோ, அந்த வீடு. அம்மா அழுத அழுகையை எழுத எனக்குத் தைரியமில்லை. வண்டி இரும்புக் குப்பையாகக் கிடந்தது. எந்தக் குழாய் வண்டி உருளும் முன்னால் போனது, எது உருண்ட பிறகு போனது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. கீழ்நாட்டுக்காரன், சமவெளியில் ஓட்டிப் பழகியவன், டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டிருப்பான் என்றார்கள் சிலர். குழாய்தான், பட்டறைக்காரர் அன்றைக்கே சொன்னாரே என்றார்கள் மற்றவர்கள். பட்டறைக்காரர் துக்கத்துக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். அம்மாவும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. அவள் சொல்லித் தொலைத்திருந்தால் அப்பா இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு மட்டும் வேறொன்று தெரியும். என் கால் வழுக்கிய அந்த நொடி. யார் என்னைப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். போலீஸ் சீருடையில் யாராவது பாதையில் போனால் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன்.

காரமடையில் பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பிய மறுநாள் காலை, ஜீப் நிற்கும் கொட்டகையில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கண்ணு, அன்னைக்குக் காத்து எடுத்தமே, கடைசிச் சக்கரம். அப்ப பெடலு கெட்டியா இருந்துச்சா? இல்ல, கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சா? பயப்படாமச் சொல்லு சாமி. அப்பா ஒன்னும் சொல்லமாட்டேன்."

பயப்படாதே என்றதும்தான் எனக்குப் பயமே வந்தது. பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தேன்.

"இல்லப்பா. கல்லு மாதிரி இருந்துச்சு."

"நல்லா நெனச்சுப் பாரு. லேசாக்கூட மெத்துன்னு இல்லையா?"

"சத்தியமா இல்லப்பா."

அப்பா என் தலையைத் தடவினார். "செரி சாமி, போ" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. ஊரான் வண்டிக்கு மூட்டை தூக்கினார். தூக்க முடியாமல் போனபோது வீட்டோடு கிடந்து, போய்ச் சேர்ந்தார். யாராவது மாமாவின் பேரில் பழி சொன்னால் மட்டும் வாயைத் திறப்பார். "அவன் ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்க. நான் போட்ட கொழாய்தான்" என்பார். எத்தனையோ தடவை அதைக் கேட்டேன். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். பாவி நான், அவர் பாடை கிளம்புகிறவரைக்கும் சொல்லவில்லை.

அவர் என்னைப் பிடிக்க அதைக் கேட்கவில்லை. மெத்தென்று இருந்தது என்று நான் சொல்லியிருந்தால், அது காற்று எடுத்ததில் வந்த கைப்பிசகு, யாருக்கும் வரும். பலர் முன்னால் வீம்பு பேசி, வேண்டாம் என்று சொன்ன குழாயைக் கொண்டுவந்து மச்சினனைக் கொன்றோம் என்பதிலிருந்து ஒரு நூலிழை தப்பிக்க வழி இருந்திருக்கும். அந்த வழி என் வாயில்தான் இருந்தது. அதைத்தான் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டார்.

எனக்கு அன்று புரிந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பா என் சத்தியத்தை நம்பிவிட்டார். பதினாறு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. வெளியே அபூர்வமாக வெயில் அடித்தது. பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் நானும் சேர்ந்துகொண்டேன். அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன்.