லோசலினே இளைத்த பருவம்

லிசியாத்தேயின் படகில் அவன் மனைவி லோசலினேவுக்கென்று ஓர் இடம் உண்டு. பின்பக்கம், கூரைத் துணியின் நிழலில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில். அவள் ஏறி உட்கார்ந்ததும் படகு அந்தப் பக்கம் சாயும். எரிபொருள் கேன்களை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். கயிறு பிடிப்பது, நங்கூரம் எடுப்பது, கேன் நகர்த்துவது இவையெல்லாம் என் வேலை. லிசியாத்தேயும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் படகு வாங்கினான், நான் கயிறு பிடித்தேன்.

திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை, பருவம் இல்லாத மாதங்களில் தீவுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை, நாங்கள் தினமும் காலையில் எங்கள் தீவின் நெயாஃபு துறையிலிருந்து ஏற்றிக்கொண்டு போவோம். அவர்களுக்கு மதியச் சாப்பாடு லோசலினேவின் கையால்தான். எலுமிச்சையில் ஊறவைத்த பச்சை மீனில் தேங்காய்ப்பால் ஊற்றி அவள் கலக்குவதைப் பார்க்கவே சிலர் திமிங்கிலத்தை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடலில் குதிப்பார்கள். அவள் குதித்ததில்லை. மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து தண்ணீரில் இறங்கியதே இல்லை என்று ஒருமுறை சொன்னாள். கூரைத் துணியின் விளிம்பு காற்றில் அடித்துக்கொண்டிருக்க, கையை மட்டும் வெளியே நீட்டி நீரைத் தொட்டுக்கொண்டே வருவாள். அந்த நேரத்தில் யாராவது பேசினால் அவள் காதில் விழாது.

அந்த வருடம் மழைக்காலத்தில் பவழப்பாறை கிழித்த காயம் ஒன்று அவள் காலில் ஆறாமல் கிடந்தது. சுகாதார நிலையத்தில் செவிலியாக இருக்கும் சிசிலியா அவளுக்குச் சித்தி மகள். காயத்தைக் கழுவினாள், ரத்தத்தைச் சோதித்தாள்.

"அக்கா, அண்ணனுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது."

லோசலினேவின் அண்ணனுக்குக் கால் கட்டைவிரலை வெட்டுவதில் ஆரம்பித்து முழங்காலில் முடிந்திருந்தது. இப்போது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"சக்கரையா?"

"சக்கரைதான். உடம்பைக் குறைக்கணும். மாத்திரை நான் தர்றேன். மத்ததை நீதான் செய்யணும்."

விஷயம் ஆக்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மகள் ஃபூசிக்குப் போயிற்று. அடுத்த விமானத்தில் வந்த ஒரு உறவுக்காரரின் பையில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கறுப்பாக ஒரு கைக்கடிகாரம். நடப்பது, இதயம் துடிப்பது, தூங்குவது எல்லாவற்றையும் அது கவனித்து ஃபூசியின் கைப்பேசிக்குச் சொல்லுமாம்.

"அம்மா, அதைக் கழட்டவே கழட்டாதே. நீ நடந்தா இங்க எனக்குத் தெரியும்."

"தின்னா தெரியுமா?"

"அது தெரியாது."

"அப்ப நல்ல கடிகாரம்தான்."

வாரைக் கடைசித் துளையில் மாட்டிக்கொண்டாள். தேங்காய் துருவும்போது கை ஆடுவதை நடை என்று நினைத்து அது அவளைப் பாராட்டியது. அவள் எனக்குக் காட்டிச் சிரித்தாள். ஆனால் தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே, "எழுந்து நட" என்று மணிக்கட்டில் அதிர்ந்தபோது தூக்கிவாரிப் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த மெலேயானே, மாதர் சங்கத்துத் தலைவி, குனிந்து பார்த்தாள்.

"என்ன சொல்லுது?"

"எழுந்து போகச் சொல்லுது."

"போதகர்கிட்டயும் அதைக் கட்டி விடு. சீக்கிரம் முடிப்பார்."

நடப்பதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. எங்கள் ஊரில் யாரும் சும்மா நடப்பதில்லை. நடக்கிற ஆளைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவார்கள். ஏற மாட்டேன் என்று சொல்வது முகத்தில் அடித்த மாதிரி. முதல் நாள் வீட்டு வாசலைத் தாண்டி மாமரம் வரை போவதற்குள் ரொட்டி வண்டி நின்றது.

"எங்க போறே? ஏறிக்கோ."

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கிறேன்."

ரொட்டிக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"லிசியாத்தேகூடச் சண்டையா?"

ஏறிக்கொண்டாள். அவன் சுடச்சுட ஒரு ரொட்டியும் கொடுத்து இறக்கிவிட்டான். மறுநாள் போதகரின் கார். அதற்கு மறுநாள் காவல் நிலையத்து வண்டி. அதிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்து ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. ஒரு வாரம் முழுக்க அவள் நடக்கப் புறப்பட்டு, ஊர் முழுக்கச் சவாரி செய்து, உறவினர் வீடுகளில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வண்டி வராத இடம் ஒன்றுதான் இருந்தது.

விடிந்தும் விடியாத நேரம். வலையை உலர்த்த நான் துறைக்குப் போனபோது அவள் பழைய படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். சட்டையும் இடுப்புத் துணியுமாக, முழங்காலளவு நீரில். நான் கூப்பிடவில்லை. தலாவு மலையின் தட்டையான உச்சி அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. துறை நீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. அவள் மெல்ல உட்காருவது போல இறங்கி, பின்னால் சாய்ந்து, கால்களை விட்டாள். நீர் அவளை வாங்கிக்கொண்டது.

நீந்தவில்லை. மிதந்தாள், அவ்வளவுதான். துணி அவளைச் சுற்றி இலை போல விரிந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று படகில் கேட்டேன்.

"எடையே இல்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் எங்க முடியறேன், தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்றாள்.

மிதப்பதைக் கடிகாரம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபூசி தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். அதனால் லோசலினே கையை அசைத்தாள், பிறகு காலை. சிறுவயதில் கற்றது உடம்புக்குள் எங்கோ இருந்திருக்கிறது. முதலில் படிக்கட்டிலிருந்து அடுத்த படகின் மிதவை வரை. பிறகு அதற்கடுத்த மிதவை. ஞாயிற்றுக்கிழமை ஊரே ஓய்வெடுக்கும் நாள், அன்று இறங்க முடியாது. அன்று முழுவதும் கடிகாரம் முணுமுணுத்துக்கொண்டே இருக்க, அதன் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வாள். கொழுப்பு வடியும் ஆட்டிறைச்சியை நிறுத்தினாள். விருந்துகளில் தன் தட்டில் விழுவதைப் பக்கத்துத் தட்டுகளுக்கு நகர்த்தக் கற்றுக்கொண்டாள். சில நாட்கள் பசியில் எரிந்து விழுவாள். ஒருநாள் குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, விருந்தினர்களுக்கான கேக்கை வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குளிர்காற்று ஆரம்பித்ததும் தெற்கிலிருந்து திமிங்கிலங்கள் வந்தன. ஒரு காலை அவள் நீரிலிருந்து ஏறி நடுங்கிக்கொண்டே நின்றாள்.

"பாடுது" என்றாள். "காதைத் தண்ணிக்குள்ள வச்சா கேக்குது. எங்கயோ தூரத்துல. இங்க வந்து படுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அதன்பிறகு அவள் நீரில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. பகலில்கூட அந்தப் பாட்டுக்குள்ளேயே இருப்பவள் போல இருப்பாள். ஒருமுறை மீனில் உப்புப் போட மறந்தாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

ஒருநாள் காலையில் நான் வழக்கம்போல் கேன்களை எதிர்ப்பக்கம் நகர்த்தினேன். படகு கேன்கள் இருந்த பக்கமே சாய்ந்தது. லிசியாத்தே சுக்கானிலிருந்து திரும்பி, கேன்களைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

அவன் பார்க்கும் முன்பே ஊர் பார்த்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தேவாலயத்துக்குப் போகும்போது மரியாதைக்காக உடைக்கு மேல் இடுப்பில் சுற்றும் பின்னல் பாய் இன்னொரு சுற்று வந்தது. என்ன வியாதி என்று சிசிலியாவிடம் கேட்டார்கள். அவள் சொல்ல மாட்டேன் என்றதும், சொல்ல முடியாத வியாதி என்று முடிவாயிற்று. ஒரு மாலை மெலேயானே தலைமையில் மாதர் சங்கமே வந்து இறங்கியது. தாழ்வாரம் நிறையத் தட்டுகள். சேம்பு இலையில் பொதிந்து சுட்ட இறைச்சி, வள்ளிக்கிழங்கு, ஒரு முழுப் பன்றிக்குட்டி. போதகர் அவள் தலையில் கைவைத்து நீளமாக ஜெபித்தார்.

"போதகரய்யா, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் வேணும்னுதான் இளைச்சேன்."

"தைரியமா இரு, மகளே" என்றார் அவர்.

மெலேயானே அழுதுவிட்டாள். "எங்ககிட்ட மறைக்காதே. எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

லிசியாத்தேயின் நிலைமை அதைவிட மோசம். மாலையில் காவா என்கிற வேர்ச்சாறு குடிக்க வட்டமாக உட்காரும்போது தேங்காய்ச் சிரட்டை அவனிடம் வரும், கூடவே ஒரு வார்த்தையும் வரும். "வெள்ளைக்காரங்களுக்கெல்லாம் சோறு போடுறே, வீட்டுல ஒருத்திக்குப் போட முடியலையாடா?" சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கும்போது அவன் கீழே பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் துறையில் என் முன்னாலேயே சொன்னான். "போதும், லோசா. அந்தக் கடிகாரத்தை ஃபூசிக்கே திருப்பி அனுப்பிடு."

"கால் புண் ஆறிடுச்சு, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பின்ன?"

"உன்னைப் பார்த்தா பயமா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா எங்கயோ போயிட்டிருக்கிற மாதிரி இருக்கு."

அவள் படகில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்து, கையை நீரில் விட்டுக்கொண்டாள். பல நாட்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். "உப்பு வேணுமான்னு கேளு." "வேணாம்னு சொல்லு."

பருவம் முடியப் போகிற சமயத்தில் ஒரு மதியம், விருந்தினர்களை வெளித்தீவு விடுதியில் இறக்கிவிட்டுக் காலிப் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒதுக்கமான ஒரு குடாவில் ஒரு தாயும் குட்டியும் கிடந்தன. லிசியாத்தே வழக்கப்படி இயந்திரத்தை நிறுத்தினான். காற்றே இல்லை. நீர் அத்தனை தெளிவு. கீழே தாய் ஒரு நிலப்பகுதியைப் போல அசையாமல் இருந்தாள். குட்டி அடிக்கடி மேலே வந்து மூச்சு விட்டுப் போயிற்று. அந்த மூச்சுத் துளிகளில் வெயில் பட்டு ஒரு நொடி நிறம் காட்டி அழிந்தது.

ஏதோ கனமான ஒன்று நழுவுவது போன்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். லோசலினேவின் இடம் காலியாக இருந்தது.

அவள் அவற்றின் பக்கத்தில்கூடப் போகவில்லை. படகிலிருந்து கொஞ்சம் விலகி, முகத்தை மேலே வைத்து, கைகளை விரித்துக் கிடந்தாள். லிசியாத்தே எழுந்தான். படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். குட்டி அவளை நோக்கி வந்தது. படகைவிடச் சற்றே சிறிய குட்டி. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அவள் துணி அசைந்தது, அவள் அசையவில்லை. பிறகு கீழேயிருந்து தாய் எழுந்தாள். கடலின் அடித்தளமே உயர்ந்து வருவது போல இருந்தது. தாய் மேலே வந்து, நீண்ட மூச்சு ஒன்று விட்டு, அப்படியே நீர்மட்டத்தில் படுத்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே நீரில் ஒரே தாலாட்டில் ஏறி இறங்கினார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். பிறகு பார்த்தால் உள்ளங்கையில் கயிற்றின் தடம் பதிந்திருந்தது.

தாயின் முதுகு வந்த புதிதில் இருந்த மாதிரி இல்லை. தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்து, முதுகெலும்பு எடுப்பாகத் தெரிந்தது. லிசியாத்தே அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவளைப் பாருடா" என்றான் மெதுவாக. "இங்க வந்ததுலேர்ந்து ஒரு வாய் தின்னல. எப்படி இளைச்சுட்டா. இவளுக்கு ஜெபம் பண்ண யாராவது வந்தாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்தத் தடவை நிமிர்ந்துதான் சிரித்தான்.

தாயும் குட்டியும் போனபிறகு அவளை இருவரும் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். லிசியாத்தே தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டான். "தூங்கிட்டியா என்ன?" என்று கேட்டான். அது அவளிடம் நேராகக் கேட்டது.

மாலையில் ஃபூசி அழைத்தாள். "அம்மா, மத்தியானம் படுத்துத் தூங்கினியா? உடம்பு சரியில்லையா?"

"தண்ணியில இருந்தேன்."

"இல்லம்மா. இதயம் அவ்வளவு மெதுவா அடிச்சிருக்கு. நல்ல தூக்கம்னு கடிகாரம் சொல்லுது."

"திமிங்கிலம் பக்கத்துல இருந்தேன்டி."

மறுமுனையில் மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. "எப்படி இருந்துச்சும்மா?" என்றாள் பிறகு, சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்கும் குரலில். லோசலினே சொல்ல ஆரம்பித்தாள். நானும் லிசியாத்தேயும் வெளியே வந்துவிட்டோம்.

திமிங்கிலங்கள் தெற்கே திரும்பின. கிறிஸ்துமஸ் விருந்துகளில் லோசலினே இழந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பெற்றாள். சிசிலியா திட்டினாள், ஆனால் சர்க்கரை இறங்கித்தான் இருந்தது. அவள் இப்போதும் பெரிய பெண்தான். இறக்கப் போகிறவள் இறக்காமல் பாடற்குழுவில் உரக்கப் பாடிக்கொண்டிருப்பதை ஊர் மெல்ல ஏற்றுக்கொண்டது. கடிகாரத்தை இப்போது சில நாள் கட்டுவாள், சில நாள் மறந்துவிடுவாள்.

மெலேயானேவுக்கு மூட்டு வலி. ஒருநாள் விடியலில் படிக்கட்டில் வந்து நின்றாள், தேவாலயத்துக்குப் போகும் தோரணையில்.

"நான் மூழ்கிட்டா?"

"நீ மூழ்க மாட்டே. இத்தனை வருஷம் தின்னது எதுக்கு?"

அவளுக்குப் பின்னால் மாதர் சங்கத்தின் மற்றவர்களும் வந்தார்கள். நீந்துவதைவிடப் பேச்சுத்தான் அதிகம். பேச்சு ஓய்ந்ததும் எல்லோரும் மல்லாந்து, துணிகள் பூப்பூவாக விரிய, வானத்தைப் பார்த்தபடி கீர்த்தனை ஒன்றைப் பாடுவார்கள். தண்ணீருக்குள் காது இருப்பதால் ஒருத்தி குரல் இன்னொருத்திக்குச் சரியாகக் கேட்காது. ஆனாலும் சேர்ந்துதான் பாடுவார்கள். அந்த நேரத்தில் துறைக்குள் வரும்போது லிசியாத்தே இயந்திரத்தை நிறுத்திவிடுவான். பாட்டு முடியும்வரை படகு தானாகவே மிதந்து கரைக்கு வரும்.