நாலு நிமிசத்துக்குள் ஒரு சொனாட்டா

பியானோ வாசிப்பவருக்குள்ள பெரிய குறை, ஆபத்து வந்தால் வயலின்காரரைப் போல வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதுதான். மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாசிப்பவருக்கு வேறு குறைகளும் உண்டு. “மூன்று சொனாட்டாக்களைச் சுத்தமாகப் பதிந்து அனுப்புங்கள், சீடி இறுவட்டாகப் போடுகிறோம்” என்று கொழும்பில் ஒரு வெளியீட்டாளர் எனக்கு எழுதியிருந்தார். சொனாட்டா என்றால் பாட்டும் மிருதங்கமும் துணைக்கு வராமல் பியானோ தனியாக நின்று சமாளிக்கும் நீண்ட உருப்படி. நாற்பது வயதுவரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே கழித்த எனக்கு வந்த ஒரே அழைப்பு அது. விட்டால் இன்னொன்று வராது. வீட்டில் எதையாவது பதிந்து பார்த்து, பக்கத்து வீட்டு மிக்ஸியிடம் தோற்றவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும்.

வலை காயப்போட்ட பெட்டி

என் முதல் பியானோ செட்டிபாளையத்தில், கடற்கரையோர மண்டபம் ஒன்றில் இருந்தது. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் நகரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். நாலாம் நாள்தான் அங்கே போக முடிந்தது. ஊரே ஆட்களைத் தேடிக்கொண்டிருக்க, நான் ஒரு பெட்டியைத் தேடிப் போவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

மண்டபம் இல்லை. பியானோ றோட்டைத் தாண்டி, வாவிக்கரைச் சேற்றில் சரிந்து நின்றது. அதன் மேல் ஒரு வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தில் என்னைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் அந்த வலைக்காரர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இது உங்கடயா தங்கச்சி? மூண்டு நாளாத் தட்டிப் பாக்கிறன், ஒரு சத்தமும் வருதில்ல. நீங்க வாசிக்கக்குள்ள வந்ததா?”

லொறியில் கச்சேரி

இரண்டாவது பியானோவைக் கண்டியில் ஒரு பழைய பங்களாவில் பிடித்தேன். ஈரம் பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு பல்ப் எரிய விடுவது வழக்கம். லொறியில் ஏற்றும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டேன். ஓட்டமாவடிக்கு வருமுன் ஒரு சோதனைச் சாவடியில் மூடியைத் திறந்தார்கள். மரப்பெட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் கம்பி, நடுவில் வயர் பூட்டிய ஒரு பல்ப். நான் சொன்ன விளக்கம் எனக்கே நம்பும்படியாக இல்லை.

வாசித்துக் காட்டச் சொன்னார்கள். லொறியிலேயே ஏறி நின்று, ஒரு மெதுவான பகுதியை வாசித்தேன். பின்னால் இரண்டு பஸ்கள் காத்து நின்றன. இளம் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“சரி மிஸ், பிரச்சினை இல்ல, போங்க. ஆனா மிஸ், ஆடுற மாதிரி பைலா தெரியாதா?”

பின்னுக்கு இருக்கிற சனம்

ஒலிப்பதிவுக்குக் கிடைத்தவர் காத்தான்குடி ஜவாகிர். கல்யாணம், கந்தூரி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் கட்டுபவர். கடல் வந்த பிறகு முகாம் முகாமாகப் போய், காணாமல் போனவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தவரும் அவர்தான். கூலி பேசாமல், மைக்குகளோடு என் வீட்டு முன்னறைக்கு வந்தார்.

ஒரு கிழமை பாடுபட்டு மூன்று சொனாட்டாக்களையும் பதிந்தோம். போட்டுக் கேட்டால் இடியும் ஒன்றுதான், கிசுகிசுப்பும் ஒன்றுதான். வாசித்தது நானா, தையல் மெசினா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஜவாகிருக்கோ பெருமை பிடிபடவில்லை.

“நீங்க மெதுவா வாசிச்ச இடமெல்லாம் கூட்டிட்டன் டீச்சர், கோவத்துல அடிச்ச இடமெல்லாம் குறைச்சிட்டன். பின்னுக்கு இருக்கிற சனத்துக்கும் ஒரே மாதிரிக் கேக்கணும்தானே.”

வண்டு வராத வாத்தியம்

அடுத்த முறை ஜவாகிர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருவதாகச் சத்தியம் செய்தார். இந்தத் தடவை மூன்றாவது சொனாட்டாவின் மெதுவான பகுதியில் யாரோ சருகுமேல் நடக்கும் சத்தம். மூடியைத் திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாகக் காய்ந்த வேப்பிலை. நான் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அயல்வீட்டுப் பாக்கியம் அக்காவின் வேலை. அவருக்கு வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் உண்டு. நான் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

“நெல்லுக்குப் போடுறதத்தான் இதுக்கும் போட்டன். சும்மா கத்தாம, வண்டு ஒண்டு வந்ததா சொல்லுங்க பாப்பம்.”

தாளம் தப்பாத பீரங்கி

வேப்பிலையை அள்ளிப் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கினால், மேற்கே சண்டை தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் பியானோக் கம்பிகள் தாமாகவே முனகும். ஜவாகிர் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தார். நாலு நிமிசத்துக்கு ஒரு வெடி. அந்த இடைவெளிகளுக்குள் ஒவ்வொரு பகுதியாகப் பதிந்து, சொனாட்டாக்களை ஒப்பேற்றினோம். மூன்றாவதின் மெதுவான பகுதி மட்டும் மிஞ்சியது. அது ஒன்பது நிமிடம். இதற்குள் கொழும்பிலிருந்து கடைசி எச்சரிக்கைபோல ஒரு கடிதமும் வந்திருந்தது. ஜவாகிர் தலையைச் சொறிந்தார்.

“இந்தச் சொனாட்டாவ எழுதின மனிசன் இப்ப உயிரோட இல்லத்தானே டீச்சர். கொஞ்சம் வேகமா வாசிச்சு நாலு நிமிசத்துக்குள்ள முடிங்களன், ஆரு கேக்கப் போறா?”

ஒன்றும் கேட்காத நாள்

எங்கள் பக்கம் பீரங்கி ஓய்ந்த பிறகும் ஒன்பது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. ஹெலிகொப்டர், ஜீப், சுற்றிவளைப்பு என்று ஏதாவது வரும். கடைசியில் வன்னியிலும் போர் முடிந்தது. ஆறுதல்படுவதா அழுவதா என்று தெரியாமல் எங்கள் தெரு கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஒரு காலையில், நான் கூப்பிடாமலே ஜவாகிர் மைக்குகளோடு வந்து நின்றார்.

ஒன்பது நிமிடமும் வாசித்தேன். இரண்டு இடத்தில் விரல் தடுக்கியது. கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து அடங்கும்வரை, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, எதுவும் குறுக்கே வரவில்லை. நான் எழும்பப் போனேன். ஜவாகிர் மெசினை நிறுத்தாமல், கையால் என்னை மறித்தார். கண் கலங்கியிருந்தது. பதிவு ஒரு நிமிடம் சும்மாவே ஓடியது. பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எத்தின பேரட பேரக் கூப்பிட்ட மைக் இது. இண்டைக்குத்தான் டீச்சர், ஒண்டும் கேக்கல்ல எண்டு பதிஞ்சிருக்கன்.”

இறுவட்டு வந்துவிட்டது, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் ‘ஒன்றுமில்லை’ என்று கொழும்பில் வெட்டி எறிந்துவிட்டார்கள், என் இத்தனை வருடப் பதிவில் ஒரு பிழையும் இல்லாத இடம் அதுதான்.