அக்காவுக்காக வாங்கிய வேன்

அந்த வேனின் பக்கக் கதவு திறக்கிற சத்தம் எங்கள் தெருவுக்கே தெரியும். சர்ரென்று பாதி தூரம் சுகமாக வரும். அப்புறம் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றுவிடும். மாமா முழங்காலால் ஒரு தட்டுத் தட்டுவார். மிச்சமும் திறந்துகொள்ளும். அரியலூரில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டிலிருந்தே அதைக் கேட்டுவிட்டு அம்மா, "தம்பி வந்துட்டான், பூவை எடு" என்பாள். அதுவரை நேரமாச்சு நேரமாச்சு என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தவள் அந்தச் சத்தத்துக்குப் பிறகு நிதானமாகிவிடுவாள். கண்ணாடி முன்னால் நின்று புடவை மடிப்பை இன்னொரு தரம் நீவிவிடுவாள், பவுடர்கூடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்வாள். தன்னை விட்டுவிட்டுப் போகாத வண்டி ஒன்று வாசலில் நிற்கிறது என்கிற தெம்பு அது.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் கார் மாற்றுகிற பேச்சு கிளம்பியபோது என் காதில் முதலில் கேட்டது அந்தக் கதவுதான். இப்போது பெரம்பலூரில் குடியிருக்கிறோம். பக்கத்துக் குரும்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கணவருக்கு டவுனிலேயே ஆபீஸ். எங்கள் சின்னக் காரின் பின்சீட்டில் மகனுக்கும் மகளுக்கும் தினமும் எல்லைத் தகராறு. அதையாவது அதட்டிச் சமாளிக்கலாம். மாமாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவர் என் அம்மாவின் ஒரே தம்பி. ஜெயங்கொண்டத்தில் முந்திரி வியாபாரம் பார்த்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவரும் அத்தையும் மட்டும் ஊரில். அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று மிஞ்சியிருப்பது அந்த வீடுதான். எந்த விசேஷமானாலும் நாங்கள் போய் அவர்களையும் அழைத்துக்கொண்டு போவது வழக்கம். ஆனால் மாமாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, கைக்குத் தடி வந்துவிட்டது. எங்கள் காரில் குனிந்து உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியவில்லை. போன தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப் போனபோது, "நீங்க போயிட்டு வாங்க பாப்பா, நான் வூட்லயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மா தன் பாதி வாழ்க்கையை இதே வார்த்தையைச் சொல்லித்தான் கழித்தாள். மாமாவும் அப்படி வீட்டோடு முடங்கிவிட நான் விடுவதாக இல்லை.

ஆகையால் என் முடிவு தெளிவாக இருந்தது. வேன் மாதிரி வண்டி. தாழ்வான படி, தள்ளித் திறக்கும் கதவு, நடந்து ஏறுவது போல ஏறி உட்காரலாம். கணவருக்கோ எஸ்.யு.வி.தான் வேண்டும். அதற்கு அவர் சொன்ன காரணம் அரியலூர் ரோடு. அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டு லாரியும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். "நம்ம கார்ல உக்காந்தா லாரி டயரைத்தான் பாத்துக்கிட்டு வரணும். உசரமா இருந்தாத்தான் முன்னாடி என்ன வருதுன்னாவது தெரியும்" என்றார். அதில் ஞாயம் இல்லாமல் இல்லை. மகள் வேனின் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஸ்கூல் பேர் எழுதாததுதான் பாக்கி" என்றாள். மகன் அதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரித்தான். வீட்டில் மூன்று ஓட்டு அந்தப் பக்கம், ஒரு ஓட்டு என் பக்கம். ஆனால் சமையற்கட்டு என் பக்கம் இருந்ததால் பேச்சு வார்த்தை இழுத்துக்கொண்டே போனது. "தாய்மாமன் சீர் செய்யறதைப் பாத்திருக்கேன். மாமனுக்கே சீர் செய்யற மருமகளை இப்பத்தான் பாக்கறேன்" என்று கணவர் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு மாமாவின் கல்யாணக் கதை தெரியும். ஆனால் அந்தத் தெருமுனையில் அவர் நிற்கவில்லை.

நான் நின்றேன், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. வீட்டுக்குள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பம்பரமாகச் சுழலுவாள். பஸ் படி என்றால்தான் அவளுக்குச் சிம்மசொப்பனம். மாமாவுக்குப் பெண் எடுத்தது திருமானூர்ப் பக்கம். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டு ஜனம் லாரியில்தான் கல்யாணத்துக்குப் போவார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு வாடகைக் கார். ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற வழியில் அரியலூரில் எங்களை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா சமையல் வேலையைக் கவனிக்க முதல்நாளே போய்விட்டார். விடிகிற நேரத்தில் தெருமுனையில் லாரி வந்து நின்றது. மேலேயிருந்து பெண்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள். அம்மா அந்த லாரியின் பின்பலகையை அண்ணாந்து பார்த்தாள். கீழே தூக்கிவிடுவதற்கு ஆண்கள் தயாராக நின்றார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் மூட்டை மாதிரித் தூக்கி வைக்கப்பட அவளுக்கு மனசு வரவில்லை. "நீங்க போங்க. பின்னாடியே மாப்ள கார் வருதுல்ல, நான் அதுல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

லாரிக்காரர்கள் அதை நம்பிப் போய்விட்டார்கள். காரில் வந்தவர்களோ, முன்னால் போன லாரியில் அக்கா ஏறியிருப்பாள் என்று நம்பி நேராகப் போய்விட்டார்கள். கூப்பிட்டுக் கேட்பதற்குக் கையில் போனா இருந்தது? மாப்பிள்ளைக் கார் எங்களைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, உள்ளே பெரியவர்கள் தலை தலையாகத் தெரிந்தார்கள். அம்மா கை காட்டினாள், சத்தம் போட்டுக்கூடக் கூப்பிட்டாள். வெயில் ஏறிய பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். முகூர்த்த நாள் ஆனதால் வந்த பஸ்ஸெல்லாம் படியில் தொங்கிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டும் அவனுடைய உடன்பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். மாமாவுக்கு இருந்த ஒரே அக்கா பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருந்தபோது முகூர்த்த நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி போட்டு முடித்துவிட்டாள். நாங்கள் பந்தலுக்குள் நுழையும்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மா சண்டை பிடிக்கப் போகிறாள் என்று ஜனம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவள் நேராகப் புதுப்பெண்ணிடம் போய்த் தாலியைக் கையில் எடுத்துப் பார்த்து, "யாரு போட்டா என்ன, முடிச்சு இறுகியிருக்குல்ல" என்று சிரித்தாள். மாமாதான் மாலையும் கழுத்துமாக நின்று தேம்பித் தேம்பி அழுதார். கல்யாண மாப்பிள்ளை அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மா எந்த விசேஷத்துக்கும் போவதில்லை என்று ஆகிவிட்டது. பத்திரிகை வரும், மஞ்சள் தடவிய அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள், "நீங்க போயிட்டு வாங்க" என்பாள்.

சில வருஷம் கழித்து முந்திரி வியாபாரம் கொஞ்சம் கைகொடுத்ததும் மாமா ஒரு ஜீப் பிடித்தார். அவருக்கு ஜீப் என்றால் உயிர். சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்குள் தாசில்தார் ஜீப் வந்தால் அதன் பின்னாலேயே புழுதியில் ஓடியவராம். உடையார்பாளையத்தில் ஒருவர் ஏலத்தில் எடுத்து வைத்திருந்த பழைய ஜீப் அது. ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பிடிக்காமலா போகும்? அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, குலதெய்வம் கோயிலுக்கு முதல் ஓட்டமாக அக்காவை அழைத்துப் போக வேண்டும் என்று எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் முகத்தை என்னால் இப்போதும் பார்க்க முடிகிறது. ஊரையே வாங்கிவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மா ஆசையாகத்தான் வெளியே வந்தாள். ஜீப்பின் படி அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. மாமா முக்காலி கொண்டுவந்து போட்டார். நல்ல காலை முக்காலியில் வைத்தாள், மற்ற கால் மேலே எழும்பவில்லை. மாமா இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முக்காலி ஆடியது, புடவை தடுக்கியது, தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இறங்கிக்கொண்டு, "நீ போயிட்டு வாடா தம்பி, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்றாள். அடுப்பில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. மாமா கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் ஜீப் உடையார்பாளையத்துக்கே திரும்பிப் போனது. அதற்குப் பதில் வந்தது வேன்.

முந்திரி வியாபாரிக்குப் பால் வண்டி மாதிரி வேன் எதற்கு என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். மழைக்காலத்தில் முந்திரிக்காட்டுத் தடத்தில் அது சிக்கிக்கொள்ளாத வாரம் கிடையாது. வாரநாட்களில் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுவார். விசேஷ நாளுக்கு முன்னால் கழுவி, சீட்டுகளை மாட்டி, ஊதுபத்தி கொளுத்தி வைப்பார். எத்தனை கழுவினாலும் முந்திரித் தோலின் காரல் வாசம் போகாது. அம்மா அந்த வேனில் போகாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. கதவோரச் சீட்டு அவளுக்கு என்று எழுதாத சட்டம். ஒரே ஒரு எட்டு, உள்ளே இருப்பாள். ஜீப்பைப் பற்றி மாமா பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தைதான் ஒரு தரம் என்னிடம் சொன்னாள்: "ஜீப்பைத் திருப்பிக் குடுத்துட்டு வந்த அன்னிக்கு உங்க மாமா சோத்துல கை வெக்கல பாப்பா. கேட்டா வயிறு சரியில்லங்கறாரு. எனக்குத் தெரியாதா?" அத்தை சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் கார் வாங்குகிற நேரத்தில் எனக்கு வேன்தான் நினைவில் நின்றது, ஜீப் நிற்கவில்லை.

முழங்கால் டாக்டரைப் பார்க்க மாமாவும் அத்தையும் பெரம்பலூர் வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, ஓட்டிப் பார்ப்பதற்கு இரண்டு வண்டிகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூம்காரரோடு வீட்டுக்கே வரவழைத்தேன். மாமா ஏறுவதை வீட்டிலிருப்பவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டேன். நான் கணக்கு டீச்சர் அல்லவா. முதலில் வேன். மாமா தடியை ஊன்றினார், ஏறினார், உட்கார்ந்தார். ஒரு சிரமமும் இல்லை. நான் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் பாதி தோற்றுப்போனார். "எப்படி இருக்கு மாமா?" என்றேன். "நல்லா இருக்கு பாப்பா. வசதியாத்தான் இருக்கு" என்றார். மருந்து சாப்பிட்டவரிடம் ருசி கேட்டது போல இருந்தது அந்தப் பதில்.

இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. பின்னால் நின்ற எஸ்.யு.வி.யைச் சுற்றி ஒரு நடை வந்தார். டயரைத் தடியால் லேசாகத் தட்டினார். முன்பக்கத்தைப் புறங்கையால் தடவினார். "மாமா, அது வேணாம். உங்களால ஏற முடியாது" என்றேன். அவர் தடியை என் கையில் கொடுத்தார். கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினார். அது படியில் வழுக்கிக் கீழே வந்தது. கணவர் ஓடிவந்து தோளைக் கொடுக்க, "இருங்க மாப்ள" என்று தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். மறுபடி தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. அத்தை வாசலில் நின்று, "இந்த வயசுல என்ன வீம்பு உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகப் புட்டத்தை நகர்த்தி நகர்த்தி முன்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக ரோடு முழுக்க அவருக்குத் தெரிந்தது.

நான் பக்கத்தில் போய், "போதும் மாமா, இறங்குங்க. ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடு படணுமா? உங்களுக்காகத்தானே நான் வேன் பாக்கறேன்" என்றேன். என் குரலில் கோபம்கூட இருந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அக்காவால ஏற முடியலன்னுதான் பாப்பா அன்னிக்கு வேணாம்னுட்டேன். இப்ப அக்காதான் இல்லியே. நான் ஏறிக்கறேன்."

அம்மா போன அன்றைக்கு வந்தவர்களைக் கவனிக்கிற வேலையில் நான் சரியாக அழவில்லை. அந்த அழுகை இத்தனை வருஷம் கழித்து, புது வண்டியின் கதவோரம், ஷோரூம்காரர் முன்னிலையில் வந்தது. மாமா அதைக் கவனிக்கவில்லை. "மாப்ள, எடுங்க, அரியலூர் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.